மூன்றாவது ஓலை

1

எனக்கு வேலை கொடுத்திருக்கும் ஆய்வகத்தில் துக்க விடுப்புக்கென்று ஒரு படிவம் உண்டு. கணவன் அல்லது மனைவி, பிள்ளை, தாய், தகப்பன் என்று கட்டங்கள் போட்டிருப்பார்கள். இறந்தவர் யாரோ அந்தக் கட்டத்தில் குறியிட வேண்டும். மூன்று வருடங்களுக்கு முன், ஆம்பூரிலிருந்து ஜெர்மனிக்கு, லைப்சிக் நகருக்குத் திரும்பிய மறுநாள், அந்தத் தாளை வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். தங்கைக்குக் கட்டம் இல்லை. அலுவலகப் பெண்மணி விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, உடன்பிறந்தவர்கள் இதில் வரமாட்டார்கள், சொந்த விடுப்பில்தான் கழிக்க வேண்டும் என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார்.

பிறகு எழுந்து என் கையைப் பிடித்து, ஆழ்ந்த அனுதாபம் என்று பொருள்படும் ஜெர்மன் வார்த்தையைச் சொன்னார். நான் "உங்களுக்கும் அப்படியே" என்றேன். இங்கே நல்ல வார இறுதி, நல்ல பண்டிகை, நல்ல பசி என்று யார் எதைச் சொன்னாலும் அதைத்தான் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று மொழி வகுப்பில் பழக்கியிருந்தார்கள். அந்தப் பெண்மணியின் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. என் தங்கை ஸ்டெல்லா கேட்டிருந்தால் இரண்டு நாள் சிரித்திருப்பாள்.

இந்த மாதம் அவளுக்கு மூன்றாவது வருட நினைவு நாள். அன்று காலை டிராமில் போய்க்கொண்டிருந்தபோது அவள் கணவன் மோகனிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. மோகன் வாணியம்பாடியில் ஒரு தோல் தொழிற்சாலையின் கெமிக்கல் கிடங்கில் சூப்பர்வைசர். அதிகம் பேசாதவன். அவன் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"அக்கா, நல்லாருக்கீங்களா. ஜெனி விஷயம்க்கா. அவள ஸ்கூல்ல சேக்கப் போறோம். ஸ்டெல்லாவுக்கு வந்தது அவளுக்கும் இருக்குமான்னு ரத்தம் டெஸ்ட் எடுக்கணும்ன்றாங்க அம்மா. டெய்லி இதே பேச்சு, பேஜாராய்டுச்சு. நீங்க அந்த வேலைலதான இருக்கீங்க, ஒரு லெட்டர் எழுதிக் குடுத்தா நம்புவாங்க. நம்பிட்டாங்கன்னா ஜெனிய ஆம்பூருக்கு அனுப்ப நான் வழி பண்றேன்."

ஜெனி ஸ்டெல்லாவின் மகள். நான்கு வயது ஆகப்போகிறது. ஆம்பூரில் என் அம்மா இருக்கும் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் அரை மணி நேர பஸ் தூரம். ஆனாலும் இந்த மூன்று வருடங்களில் அம்மா அவளைக் கையில் தூக்கியதே இல்லை. எங்கள் குடும்பத்து ரத்தம் கெட்டது, அதை மறைத்துப் பெண் கொடுத்தோம் என்று மோகனின் தாயார் குழந்தையை அனுப்ப மறுத்துவிட்டார். போன கிறிஸ்துமஸுக்கு அம்மா வாணியம்பாடி சர்ச்சுக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பேத்தியின் பின்னந்தலையைப் பார்த்துவிட்டு வந்தாள்.

இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன். செய்தியை மறுபடி மறுபடி கேட்டேன். ஒரு லெட்டர். அவ்வளவுதான் கேட்கிறான்.

2

நான் என்ன வேலை செய்கிறேன் என்று ஊரில் யாருக்கும் சரியாகத் தெரியாது. "ரத்தம் டெஸ்ட் பண்றா" என்று அம்மா சொல்வாள். பாதி சரிதான். வேலூரில் படித்து, இங்கே வந்து, அந்தப் படிப்பு செல்லும் என்று ஒத்துக்கொள்ள வைப்பதற்கே இரண்டு வருடம் அலைந்து, கடைசியில் ரத்தப் புற்றுநோய்களுக்கான மரபணு ஆய்வகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த செல்களை வளர்த்து, அவை பிளக்கிற நேரம் பார்த்து நிறுத்தி, சாயமேற்றி, உள்ளே இருக்கும் குரோமோசோம்களைத் திரையில் ஜோடி ஜோடியாக அடுக்குவேன். நாற்பத்தாறு இருக்க வேண்டும். இருபத்து மூன்று ஜோடி. ஒவ்வொரு ஜோடியும் நீளத்திலும் கோடுகளிலும் ஒன்றுபோல் இருக்க வேண்டும்.

இதை ஒருமுறை ஸ்டெல்லாவிடம் போனில் விளக்கியபோது அவள், "இன்னாக்கா, நீயும் பேரிங் வேலைதான் பண்றியா?" என்று கேட்டாள். அவள் ஆம்பூரில் ஒரு ஷூ ஃபேக்டரியில் செக்கிங் பிரிவில் இருந்தாள். பெல்ட்டில் வரும் வலது இடது ஷூக்களை எடுத்து, தோலின் நிறமும் மடிப்பும் தையலும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து ஜோடி சேர்ப்பதற்குத்தான் அங்கே பேரிங் என்று பெயர். மெல்லிய நிற வேறுபாட்டைக்கூடப் பிடித்துவிடுவாள் என்று லைன் சூப்பர்வைசருக்கு அவள் மேல் மரியாதை.

அவளுக்கு இருபத்து நான்கு வயதில் ஃபேக்டரியில் மருத்துவ முகாம் போட்டார்கள். சும்மா எடுத்த ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் லட்சத்தைத் தாண்டியிருந்தன. மெஷின் கோளாறு என்று மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் அதே. அப்போதுதான் அவள் சொன்னாள், கொஞ்ச நாளாகவே இரண்டு இட்லி சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுகிறது, இடது பக்கம் கனமாக இருக்கிறது என்று. அங்கே மண்ணீரல் வீங்கியிருந்தது. வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். முடிவு வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. கையில் பிடித்திருந்த தேநீர்க் கோப்பையை எங்கே வைத்தேன் என்று கூட நினைவில்லை.

நாட்பட்ட மைலாய்டு லுக்கீமியா. என் மேஜைக்கு வாரம் தவறாமல் வரும் நோய். ஒன்பதாம் குரோமோசோமின் நுனியும் இருபத்திரண்டாம் குரோமோசோமின் நுனியும் ஒடிந்து, இடம் மாறி ஒட்டிக்கொள்ளும். குட்டையாகிப் போன அந்த இருபத்திரண்டுக்கு ஃபிலடெல்ஃபியா குரோமோசோம் என்று பெயர். ஒட்டிய இடத்தில், எங்கெங்கோ இருக்க வேண்டிய இரண்டு மரபணுக்கள் ஒன்றாகிவிடும். அது உண்டாக்கும் புரதம் அந்த செல்லைப் பார்த்து, பெருகு பெருகு என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். போதும் என்று அதற்குச் சொல்ல முடியாது.

"அப்ப ஜோடி மாறி பேக் ஆய்டுச்சு, அவ்ளோதான?" என்றாள் ஸ்டெல்லா.

"அவ்ளோதான். ஆனா ஒரே ஒரு செல்லுல தொடங்கினது. உன் உடம்பு முழுக்க இல்ல. மஜ்ஜையில ஒரு செல்லு தப்பு பண்ணுச்சு, அதோட வாரிசுங்கதான் இப்ப ரத்தத்துல ஜாஸ்தியா இருக்கு."

"நான் இன்னா தப்பு பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல."

அம்மா போனை வாங்கி, தோல் பதனிடும் ஷாப்புத் தண்ணியா, ஃபேக்டரியில் ஷூ ஒட்டும் கம் வாசனையா, அப்பா வழியில் யாருக்காவது இருந்திருக்குமா என்று வரிசையாகக் கேட்டாள். பெரும்பாலும் காரணம் என்று எதையும் கைகாட்ட முடியாது என்றேன். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. காரணம் இல்லாத கஷ்டத்தை அவளால் ஏற்க முடிவதில்லை.

மாத்திரை நன்றாக வேலை செய்தது. அந்தப் புரதம் சக்தியை வாங்கிக்கொள்ளும் பள்ளத்தில் போய் மாத்திரை உட்கார்ந்துகொள்ளும். புரதத்தின் வாய் அடைத்துப் போகும். தினமும் ஒரு வேளை, சாப்பிட்ட உடனே. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அவள் ரயிலில் வேலூர் போய் ரத்தம் கொடுப்பாள். ரத்தத்தில் அந்த ஒட்டுப்போட்ட மரபணு எவ்வளவு மிச்சம் என்று ஓர் எண் வரும். அறிக்கையைப் படம் எடுத்து எனக்கு அனுப்புவாள். எண் இறங்கிக்கொண்டே வந்தது. அவள் கம்பெனி பஸ் ஏறி வேலைக்குப் போனாள், வந்தாள், தூங்கினாள். இந்த நோய் வந்தவர்கள் இன்று மாத்திரையோடு முதுமை வரைக்கும் வாழலாம். என் தங்கையும் வாழ்ந்திருக்க வேண்டியவள். இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் எனக்கு ஆறுவதில்லை.

3

குடியாத்தத்திலிருந்து ஒரு வரன் வந்தது. அம்மா நேர்மையானவள். பேச்சு முற்றும் முன் பையனின் அம்மாவைத் தனியே கூப்பிட்டு, பெண்ணுக்கு ரத்தத்தில் ஒரு நோவு இருக்கிறது, மாத்திரையில் கட்டுப்பட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டாள். அவர்கள் காபியைக்கூட முழுசாகக் குடிக்கவில்லை. ரத்தத்திலேயே இருக்கிறதென்றால் பிள்ளைகளுக்கும் வருமே என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள். ஸ்டெல்லா கட்டியிருந்த பட்டுப் புடவையை அவிழ்க்காமலே இரண்டு நாள் கிடந்தாள்.

அடுத்த வருடம் மோகன் வீட்டிலிருந்து வந்தார்கள். ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா இனிப்பு வாங்கிக்கொண்டு, மனசு நிறையச் சிரித்துக்கொண்டு வந்தார்கள் என்று அம்மா சொன்னாள். அவர்களுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. ஸ்டெல்லாவுக்கும் மோகனைப் பிடித்துவிட்டது. அன்று அம்மா எனக்குப் போன் செய்தாள்.

"ரூபி, நீ படிச்சவ. சொல்லணுமா வேணாமா?"

நான் அப்போது ஆய்வகத்தின் படிக்கட்டில் நின்றிருந்தேன். என்ன சொன்னேன் என்பது ஒரு வார்த்தை பிசகாமல் நினைவிருக்கிறது.

"இது பரம்பரையா வர்ற நோயே இல்லம்மா. பொறந்தப்புறம் ஒரு செல்லுல நடந்த தப்பு. கருமுட்டைல கிடையாது. புள்ளைக்குப் போகாது. அவங்களுக்கு இதுல ஒரு நஷ்டமும் இல்ல. சொன்னா புரிஞ்சிக்க மாட்டாங்க, குடியாத்தம் மாதிரி ஆய்டும். சொல்லாத."

"பாவம் இல்லயாடி?"

"அவங்களுக்குக் கெடுதல் வர்ற மாதிரி இருந்தாதான் பாவம்."

நான் சொன்ன விஞ்ஞானத்தில் ஒரு எழுத்துகூடத் தவறில்லை. இன்றைக்கும் இல்லை. அதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. தப்பான தகவல் சொல்லியிருந்தால் தெரியாமல் சொன்னேன் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். நான் சரியான தகவலை வைத்து என் அம்மாவைப் பொய் சொல்ல வைத்தேன்.

எங்கள் சர்ச்சுகளில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதேனும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று ஆராதனை நடுவே போதகர் சபைக்கு அறிவிப்பார். முதல் இரண்டு ஓலை வாசித்தபோது நான் இங்கே விடுப்புக்கு அலைந்துகொண்டிருந்தேன். மூன்றாவது ஓலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன். இரண்டாம் வரிசையில் அம்மாவுக்கும் ஸ்டெல்லாவுக்கும் நடுவில் உட்கார்ந்தேன். போதகர் படித்து முடித்து, வழக்கம்போல் ஒரு கணம் நிறுத்தினார். அந்த ஒரு கணத்தை யாரும் கவனிப்பதில்லை. விசிறிக்கொள்வார்கள், குழந்தையை அதட்டுவார்கள். அம்மா என்னைப் பார்த்தாள். நான் பாட்டுப் புத்தகத்தில் அடுத்த பாட்டைத் தேடினேன். தடை என்றால் முன்பே ஒரு கல்யாணம், நெருங்கிய ரத்த உறவு அந்த மாதிரி, நோய் அதில் சேராது என்று எனக்குள் சட்டம் பேசிக்கொண்டேன். போதகர் அடுத்த அறிவிப்புக்குப் போய்விட்டார்.

4

கல்யாணமாகிப் போகும்போது ஸ்டெல்லா மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து ஒரு கால்சியம் மாத்திரை டப்பாவில் போட்டு எடுத்துப்போனாள். யோசனை அவளுடையது. மாமியார் பார்த்துவிட்டு, "ஃபேக்டரில நின்னு நின்னு எலும்பு தேஞ்சிருக்கும், சாப்டும்மா" என்று தினமும் அவரே தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாராம். இதை என்னிடம் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். மோகனுக்கும் அது கால்சியம்தான்.

வேலூருக்குப் போக ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் தேட வேண்டியிருந்தது. பழைய தோழிக்கு வளைகாப்பு, அம்மாவுக்குக் கண் ஆஸ்பத்திரி. ஒரு வருடம் ஓடியது. மாமியார் குழந்தைப் பேச்சை எடுக்கத் தொடங்கினார். கொடுமைக்காரர் இல்லை அவர். ஆசைப்பட்டார், அவ்வளவுதான்.

"அக்கா, நான் புள்ள பெத்துக்க முடியாதா?"

"பெத்துக்கலாம். மாத்திரை சாப்பிடுறப்ப வேணாம், கருவுக்கு ஆகாது. எண் இன்னும் நல்லா எறங்கி, அங்கயே ரெண்டு வருஷம் நிக்கணும். அப்புறம் டாக்டர் பாத்துகிட்டே நிறுத்துவாங்க, மாசா மாசம் டெஸ்ட் எடுப்பாங்க. நீ டாக்டர்கிட்ட சொல்லு. இன்னும் கொஞ்ச நாள் பொறு."

"இங்க இன்னா காரணம் சொல்லிப் பொறுக்கறது?"

பார்த்துக்கலாம் என்றேன். என் மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவர நேரமாகிவிட்டது, போனை வைத்தேன்.

அவள் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினாள். டாக்டரிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. டப்பாவில் நிஜமான கால்சியத்தைப் போட்டுக்கொண்டாள். கர்ப்பமான பிறகு மாமியார் பஸ், ரயில் எதிலும் ஏறவிடவில்லை. வேலூர் நின்றுபோனது. நான் அறிக்கை கேட்டபோது அனுப்பினாள். எண் நன்றாகத்தான் இருந்தது. படத்தின் மேல் பகுதி மட்டும் வெட்டுப்பட்டிருந்தது; தேதி இருக்கும் இடம். யாருடைய அறிக்கை என் மேஜைக்கு வந்தாலும் நான் முதலில் பார்ப்பது தேதியைத்தான். தங்கையின் அறிக்கையில் தேதி இல்லாததைப் பார்த்தேன், போனில் சரியாக விழவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்ள விரும்பினேன் என்று எழுதுவதுதான் நியாயம்.

ஜெனி நல்ல எடையோடு பிறந்தாள். பிரசவம் பார்த்த சின்ன நர்சிங் ஹோமில் தாயின் வெள்ளை அணுக்கள் கூடுதலாக இருப்பதைப் பார்த்து, ஏதோ கிருமி என்று மருந்து கொடுத்தார்கள். இவளுக்கு ஏற்கெனவே என்ன இருந்தது என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்? பக்கத்தில் நின்ற கணவனுக்கே தெரியாதே.

5

குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, பயம் வரும்போது மாத்திரையை எடுப்பதும், பாலில் இறங்கிவிடுமோ என்று நிறுத்துவதுமாகச் சில மாதங்கள் ஓட்டியிருக்கிறாள். ஜெனிக்கு ஏழாவது மாதம் ஸ்டெல்லாவுக்கு விடாத காய்ச்சல் வந்தது. உடம்பில் நீலநீலமாக ரத்தக்கட்டுகள். மோகன் கார் வைத்து வேலூருக்குக் கொண்டுபோனான். ஆஸ்பத்திரியின் பழைய கோப்பு அவள் பெயரைச் சொன்னதும் வந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு டாக்டர் மோகனிடம், ஏன் இத்தனை நாள் மாத்திரையும் டெஸ்ட்டும் இல்லை என்று கேட்டிருக்கிறார். எந்த மாத்திரை என்று மோகன் கேட்டிருக்கிறான்.

நோய் முற்றி வேகமெடுத்த கட்டத்துக்குப் போயிருந்தது. அந்த ஒட்டு மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருந்தது. மாத்திரை உட்காரும் பள்ளத்தின் வாயிலேயே அந்த மாற்றம். இனி அந்த மாத்திரை உள்ளே நுழையாது. அந்த ஆய்வு முடிவை மோகன் எனக்கு அனுப்பினான். இந்த முறை தேதி இருந்தது. அதே மாற்றத்தை எத்தனையோ பேரின் அறிக்கையில் தட்டச்சு செய்து கையெழுத்துக்கு அனுப்பியிருக்கிறேன், பிறகு போய் மதிய உணவு சாப்பிட்டிருக்கிறேன்.

வேறு மருந்துகள் கொடுத்தார்கள். நோய் கொஞ்சம் அடங்கினால் மஜ்ஜை மாற்றலாம் என்றார்கள். என் ரத்தம் அவளுக்கு முழுதாகப் பொருந்தியது. விமானத்தில் வரும்போது அந்த ஒரு நம்பிக்கையோடுதான் வந்தேன். அடங்கவில்லை. மூன்று வாரம் அவள் கட்டிலருகே இருந்தேன். கொடுக்க வேண்டியதை என் எலும்புக்குள்ளேயே வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

கடைசியாகத் தெளிவாகப் பேசிய நாளில் அவள், "அக்கா, ஜெனிக்கு வராதுதான?" என்று கேட்டாள்.

"வராது."

"நீ சொன்னா சரி," என்றாள்.

அடக்கம் முடிந்து மோகன் வீட்டுக்கு வந்ததும் மோகனின் தாயார் அம்மாவின் முன் வந்து நின்றார். கத்தவில்லை. "எம்புள்ள வாழ்க்கையும் போச்சு, உம்பொண்ணும் போய்ட்டா. ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே வேலூருக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேனே" என்றார். பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். அம்மா தலையைக் குனிந்து நின்றாள். நான் அம்மாவுக்குப் பின்னால் நின்றேன்.

6

லெட்டர் எழுதுவதற்கு முன் எங்கள் ஆய்வகத் தலைவரிடம் போய், ஆய்வகத்தின் பெயர் போட்ட தாளில் எழுதித் தர முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றார். குழந்தை இங்கே நோயாளி அல்ல, பெற்றவரின் ஒப்புதல் படிவம் இல்லை, தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் இல்லை, இப்படி வரிசையாக இல்லைகள். அப்புறம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, "அந்தக் குழந்தைக்குப் பரிசோதனையே தேவையில்லையே, அது உங்களுக்குத் தெரியுமே, யாருக்கு இந்தத் தாள்?" என்றார். ஒரு பாட்டிக்கு என்றேன். இந்த நோய் பரம்பரையாக வருவதில்லை என்று பொதுவாக நான்கு வரி எழுதி, கையெழுத்திட்டுக் கொடுத்தார். நல்ல மனிதர்.

மீதியைத் தமிழில் நானே எழுதினேன். சாப்பாட்டு மேஜையில் எழுதிக்கொண்டிருந்தபோது என் மகள் மிரியம் வந்து எதிரே உட்கார்ந்தாள். பதினைந்து வயது. தமிழ் கேட்டால் புரியும், படிக்க வராது, பதில் ஜெர்மனில்தான் வரும். என்ன எழுதுகிறாய் என்றாள். சொன்னேன். உனக்கும் வராது, கவலைப்படாதே என்றும் சேர்த்துச் சொன்னேன்.

"தெரியும். சித்தி செத்து நீ திரும்பி வந்த வாரமே நான் தேடிப் படித்துவிட்டேன்."

"என்னிடம் கேட்டிருக்கலாமே."

"நீ நிஜத்தைச் சொல்வாயா என்று தெரியவில்லை," என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஃபிரிட்ஜைத் திறந்து தயிரை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. பன்னிரண்டு வயதில் என் பிள்ளை இணையத்திடம் கேட்டிருக்கிறாள், தனக்குச் சாவு வருமா என்று. அடுத்த அறையில் இதையே தொழிலாகச் செய்யும் நான் இருந்திருக்கிறேன்.

7

சனிக்கிழமை மதியம், அங்கே மாலை, மோகன் வீடியோவில் கூப்பிட்டான். அவன் தாயார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். மோகன் லெட்டரை நிறுத்தி நிறுத்திப் படித்தான். மஜ்ஜையில் ஒரு செல், பிறந்த பின் நேர்ந்த பிழை, கருமுட்டைக்குப் போகாது, தாயிடமிருந்து பிள்ளைக்கு வராது, ஜெனிக்கு எந்தப் பரிசோதனையும் வேண்டாம். தலைவரின் நான்கு வரியையும் நான் மொழிபெயர்த்துச் சேர்த்திருந்தேன்.

அவர் முழுசாகக் கேட்டார். பிறகு போனைத் தன் பக்கம் திருப்பச் சொன்னார்.

"அப்ப இது ரத்தத்துல வழிவழியா வர்றது இல்ல."

"இல்ல அத்தை. சத்தியமா இல்ல."

"ஜெனிக்கு ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்ல."

"இது உனுக்கு அப்பவே தெரியுமா, இப்பதான் தெரியுமா?"

"அப்பவே தெரியும்."

"அப்ப ஏம்மா மறைச்சீங்க? இதே லெட்டர அன்னிக்கி எழுதிக் குடுத்திருந்தா நான் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்க மாட்டனா?"

மோகன் "அம்மா, உடு" என்றான். அவர் விடவில்லை. "உங்கம்மாவப் பாத்தா பொய் சொல்றவங்க மாதிரியே தெரியல. அதாம்மா எனுக்கு மூணு வருஷமா ஆறல. எப்டி அந்த மனுஷி மறைச்சாங்க?"

அம்மா இந்த மூன்று வருடங்களில் யாரிடமும் என் பெயரைச் சொல்லவில்லை என்பது எனக்கு அந்தக் கேள்வியில்தான் தெரிந்தது. சர்ச்சிலும் தெருவிலும் அவள்தான் மறைத்தவள். அந்தப் பட்டத்தை வாங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எனக்குப் போன் செய்து, சாப்பிட்டாயா, குளிர் ஜாஸ்தியா என்று கேட்டிருக்கிறாள். இப்போது நான் பேசாமல் இருந்தால் லெட்டர் வேலையை முடித்துவிடும், ஜெனி ஆம்பூருக்குப் போவாள், எல்லாம் நல்லபடியாக இருக்கும். இன்னொரு முறை பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினால் போதும். எனக்கு என்னையே பார்க்க அருவருப்பாக இருந்தது.

"அம்மா சொல்லணும்னுதான் சொன்னாங்க, அத்தை. நான்தான் வேணாம்னேன். சொன்னா உங்களுக்குப் புரியாதுன்னு சொன்னேன். அம்மா மேல தப்பு இல்ல. குழந்தைய அவங்ககிட்ட அனுப்புங்க."

மோகன் பிடித்திருந்த போன் சரிந்தது. கொஞ்ச நேரம் கூரையும் மின்விசிறியும் தெரிந்தன. திரும்ப அவர் முகம் வந்தது.

"எனுக்குப் புரியாதுன்னு நீ முடிவு பண்ட்ட," என்றார். குரலை உயர்த்தவே இல்லை. "நான் எட்டாவதுதான். ஆனா எம்மருமவளுக்கு டெய்லி தண்ணி கொண்டாந்து குடுத்தது நான். இன்னா மாத்திரன்னு தெரிஞ்சிருந்தா அவ நிறுத்துன அன்னிக்கே எனுக்குத் தெரிஞ்சிருக்கும்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டித் தடுத்தார்.

"உங்கம்மாகிட்ட புள்ளய அனுப்பறேன். வாராவாரம் அனுப்பறேன். அவங்க கால்ல உழுந்துகூட மன்னிப்பு கேக்கறேன். ஆனா ஒண்ணு. அந்தப் புள்ள மூஞ்சியில நீ முழிக்கக் கூடாது. உங்கொரல்கூட அது காதுல உழக் கூடாது. உங்கம்மாகிட்ட இத சொல்லித்தான் அனுப்புவேன். ஒரு தடவ தப்புனா அதோட சரி."

"சரி அத்தை," என்றேன். மோகன் என்னைப் பார்க்காமலே போனை அணைத்தான்.

8

மறுநாள் ஞாயிறு. அம்மா கூப்பிடும் நேரத்துக்குப் போன் வரவில்லை. ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, மனசு கேட்காமல் நானே அடித்தேன். ஜெனி வந்திருக்கிறாளா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

அம்மா எடுத்தாள். பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது. சின்னக் கால்கள் ஓடிவரும் சத்தம் கேட்டது.

"யாரு ஆயா போன்ல?"

"யாரும் இல்ல கண்ணு," என்றாள் அம்மா. "ராங் நம்பர்."